கால்கரியிலிருந்து இருவர் போகும் கோடைப் பயணம்: எந்தச் சாலை, எந்த வண்டி, எந்த மாதம்?

கனடாவின் பிரெய்ரி எனப்படும் புல்வெளி மாகாணங்களான ஆல்பர்ட்டா, சாஸ்கட்செவன், மனிடோபா ஆகியவற்றை ஆர்.வி.யில், அதாவது படுக்கையும் சமையலிடமும் உள்ள வண்டியில், சுற்றிவர விரும்பும் தம்பதியர் பலரும் வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். எத்தனை அடி நீளம், உள்ளே குளியலறை உண்டா, படுக்கையை இரவுதோறும் விரிக்க வேண்டுமா என்ற கேள்விகளிலேயே வாரங்கள் கழிந்துவிடுகின்றன. எந்தச் சாலையில் போவது என்பது கடைசி நேரத்தில் அவசரமாக முடிவாகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாட்டுப் பண்ணை நாடு என்று நான் சொல்லும் மேய்ச்சல் நிலப்பரப்பு எங்கே இருக்கிறது, அதன் ஊடே போகும் சாலை எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொண்டால், வண்டியின் அளவும் புறப்படும் மாதமும் தங்க வேண்டிய நகரமும் அதைத் தொட்டே தெளிவாகிவிடும். இரண்டு வார விடுப்பு, இரண்டு பேர், குழந்தைகளின் பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாத நாட்காட்டி ஆகியவற்றை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

புறப்படும் இடமாகக் கால்கரியைக் கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ராக்கி மலைகளுக்குப் போகும் பயணிகளை நம்பி வாடகை நிறுவனங்கள் அங்கே பெருமளவு வண்டிகளை வைத்திருக்கின்றன. எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தால் ஒருவழிக் கட்டணமும் இல்லை. டொராண்டோ வட்டாரத்தில் வாழும் தமிழர்களில் சிலர் அங்கிருந்தே வண்டியோடு புறப்பட எண்ணுவதுண்டு. டொராண்டோவிலிருந்து வின்னிபெக்குக்கே ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். சுப்பீரியர் ஏரியின் வடகரை அழகானதுதான். ஆனால் இரண்டு வார விடுப்பில் போகவும் வரவும் அந்தத் தொலைவைக் கடந்தால் புல்வெளிக்கு எஞ்சுவது சில நாட்களே. கால்கரிக்கு விமானத்தில் போய் அங்கே வண்டி எடுப்பதே இருவருக்கும் நல்லது.

கால்கரியிலிருந்து பார்த்தால் மூன்று வழிகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, டிரான்ஸ்-கனடா எனப்படும் 1ஆம் எண் நெடுஞ்சாலையில் நேர் கிழக்காக மெடிசின் ஹாட், ஸ்விஃப்ட் கரன்ட், மூஸ் ஜா, ரெஜைனா, பிராண்டன் வழியாக வின்னிபெக் வரை போவது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 1,325 கிலோமீட்டர். இரண்டாவது, வடக்கே எட்மன்டனுக்கு ஏறி, எல்லோஹெட் எனப்படும் 16ஆம் எண் நெடுஞ்சாலையில் சாஸ்கடூன் வழியாக வின்னிபெக்கை அடைந்து, 1ஆம் எண் சாலையில் திரும்புவது. இது 3,000 கிலோமீட்டருக்கு நெருங்கும் வட்டம். மூன்றாவது, கால்கரியிலிருந்து தெற்கே இறங்கி, ஆல்பர்ட்டாவின் மலையடிவாரப் பண்ணைகளையும் தென்மேற்கு சாஸ்கட்செவனின் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து, சாஸ்கடூனைத் தொட்டு, டிரம்ஹெல்லர் வழியாகத் திரும்பும் வட்டம். இது 2,000 முதல் 2,200 கிலோமீட்டருக்குள் அடங்கும்.

முதல் வழியின் நன்மைகள் வெளிப்படையானவை. இந்தப் பகுதியில் சாலை முழுவதும் இருவழிப் பிரிப்புடன் அகலமாக இருக்கிறது. எரிபொருள், உணவகம், முகாம்தளம் எதற்கும் பஞ்சமில்லை. வின்னிபெக்கில் 2014இல் திறக்கப்பட்ட கனடிய மனித உரிமைகள் அருங்காட்சியகமும், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் உள்ள ஃபோர்க்ஸ் சந்தை வளாகமும், பிரெஞ்சு மொழி பேசும் செயின்ட் போனிஃபாஸ் பகுதியில் உள்ள பழங்குடி, ஐரோப்பியக் கலப்பு மரபினரான மெட்டி மக்களின் தலைவர் லூயி ரியேலின் கல்லறையும் எவ்வளவு தூரம் வந்தாலும் பார்க்கத்தக்கவை. குறையும் வெளிப்படையானதே: போன சாலையிலேயே திரும்ப வேண்டும், மாட்டுப் பண்ணை நாட்டின் ஓரத்தை மட்டுமே, அதுவும் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் சரக்கு லாரிகளுக்கு நடுவிலிருந்து, பார்க்க முடியும். பிரெய்ரி என்றால் சலிப்பூட்டும் சமவெளி என்று திரும்பி வந்து சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சாலையில் மட்டும் போனவர்கள்தாம்.

எல்லோஹெட் வழி வேறொரு நாட்டைக் காட்டுகிறது. புல்வெளிக்கும் வடக்கே உள்ள காடுகளுக்கும் இடைப்பட்ட, ஆஸ்பென் மரத்தோப்புகளும் குளங்களும் கோதுமை வயல்களும் மாறி மாறி வரும் பகுதி அது. எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள எல்க் ஐலண்ட் தேசியப் பூங்காவில் பைசன் எனப்படும் காட்டெருமை மந்தைகளைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். அதற்கு அப்பால் உக்ரேனியக் குடியேற்றத்தின் வெங்காயக் குவிமாடத் தேவாலயங்கள் வருகின்றன. மனிடோபாவில் சற்று வடக்கே திரும்பினால் ரைடிங் மவுண்டன் தேசியப் பூங்கா. ஏரிக்கரையில் ஓய்வெடுக்க விரும்பும் தம்பதியருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இது உழவர் நாடு, மாட்டுக்காரர் நாடு அல்ல. மேய்ச்சல் நிலத்தைப் பார்க்கும் ஆசையோடு புறப்படுபவர்கள் இந்த வழியில் ஏமாந்துபோவார்கள்.

ஆகவே நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழி. வின்னிபெக்கை இழக்கிறோம் என்பதை மறைக்கவில்லை. அது சிறிய இழப்பும் அல்ல. ஆயினும் இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 150 கிலோமீட்டர் மட்டுமே ஓட்ட வேண்டியிருக்கும் பயணத்துக்கும், ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கும் பயணத்துக்கும் உள்ள வேறுபாடு வெறும் எண் வேறுபாடு அல்ல. முதல் கணக்கில் ஓரிடத்தில் இரண்டு இரவு தங்கலாம்; மழை வந்தால் ஒரு நாள் காத்திருக்கலாம். இந்தச் சாலைகளில் மழைக்காகக் காத்திருக்க முடிவது எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மாட்டுப் பண்ணை நாடு என்று பொதுவாகச் சொன்னாலும், இந்த வட்டத்தில் இரண்டு பண்ணை நாடுகள் இருக்கின்றன. அவை ஒன்றுபோலிருப்பதில்லை, உருவான காரணங்களும் வேறு. மேற்கே ராக்கி மலைகளின் அடிவாரத்தில், 22ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ளது முதலாவது. கௌபாய் டிரெயில் என்று பெயர் பெற்ற சாலை அது. குளிர்காலத்தில் மலைகளைத் தாண்டி இறங்கும் சினூக் என்ற வெப்பக்காற்று சில மணி நேரத்திலேயே பனியை உருக்கிவிடும். அங்கே விளையும் ஃபெஸ்க்யூ என்ற முரட்டுப் புல் காய்ந்த பின்னும் சத்தை இழப்பதில்லை. அதனால் குளிர்காலத்திலும் மாடுகள் வெளியில் மேய முடிந்தது. 1880களில் பெரும் முதலீட்டோடு வந்த பண்ணைகள் அங்கே வேரூன்றின. லாங்வியூ என்ற சிற்றூருக்குத் தெற்கே, 1882இல் தொடங்கப்பட்ட பார் யு ராஞ்ச் இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படுகிறது. அடிமையாகப் பிறந்து, அமெரிக்காவிலிருந்து மந்தையோடு வடக்கே வந்து, இந்தப் பகுதியிலேயே மிகவும் மதிக்கப்பட்ட மாட்டுக்காரராக உயர்ந்த ஜான் வேர் அங்கே வேலை செய்திருக்கிறார். 1902இல் அந்தப் பண்ணையை வாங்கிய ஜார்ஜ் லேன், 1912இல் முதல் கால்கரி ஸ்டாம்பீடு என்ற மாட்டுக்காரர்களின் ரோடியோ போட்டி விழாவுக்குப் பணம் கொடுத்த நால்வரில் ஒருவர். அதன் பக்கத்திலேயே இருந்த ஒரு பண்ணையை 1919இல் பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்ட் வாங்கினார்.

இந்த முதல் பண்ணை நாட்டின் சிறப்பு, அதை அடைய எந்தச் சிரமமும் இல்லை என்பதே. கால்கரியிலிருந்து லாங்வியூவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர். சாலை முழுவதும் தார் போட்டது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே அலையலையாய் இறங்கும் புல் மேடுகள். பெரிய நகரத்துக்கு இவ்வளவு அருகில் இவ்வளவு புல்வெளி கூறுபோட்டு விற்கப்படாமல் எஞ்சியிருப்பதற்கு, பண்ணைக்காரர்களே இயற்கைப் பாதுகாப்பு அமைப்போடு செய்துகொண்ட ஒப்பந்தங்களும் ஒரு காரணம். 2013இல் வால்ட்ரன் மேய்ச்சல் கூட்டுறவு தன் 30,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை இனி எக்காலத்திலும் உழுவதற்கோ மனை போடுவதற்கோ விடுவதில்லை என்று எழுதிக்கொடுத்தது. சாலையிலிருந்து அந்த நிலத்தைப் பார்க்கும்போது, அது இன்றும் புல்லாகவே இருப்பது மனிதர்கள் எடுத்த முடிவு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சாலையின் தென்கோடியில், லண்ட்பிரெக், பின்ச்சர் கிரீக் வட்டாரத்தில் காற்று மிகக் கடுமையாக வீசும்; காற்றாலைகள் அங்கே வரிசையாக நிற்பதற்கும் அதுதான் காரணம். உயரமான வண்டி ஓட்டுபவர்கள் காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் அந்தப் பகுதியைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது பண்ணை நாடு, மெடிசின் ஹாட்டுக்குத் தென்கிழக்கே சைப்ரஸ் மலைகளில் தொடங்கி, சாஸ்கட்செவனின் தென்மேற்கு மூலை முழுவதும் பரவுகிறது. 1857 முதல் 1860 வரை இந்த நாட்டை ஆராய்ந்த ஜான் பாலிசர், உழவுக்கு ஆகாத வறண்ட முக்கோணம் என்று இதை ஒதுக்கினார். பின்னால் வந்த இரயிலும் குடியேற்ற விளம்பரங்களும் அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்தன. உழுத நிலம் 1930களின் வறட்சியில் புழுதியாய்ப் பறந்தது. உழப்படாமல் தப்பிய நிலத்தில்தான் இன்றும் மாடு மேய்கிறது. 1906-07 குளிர்காலத்தில் எண்ணற்ற மாடுகள் பனியில் மடிந்த பிறகு, வேலியில்லாத பெருமேய்ச்சல் முறை முடிவுக்கு வந்தது. குளிர்காலத்துக்கு வைக்கோல் சேர்த்துவைக்கும் குடும்பப் பண்ணைகள் நிலைத்தன. மேப்பிள் கிரீக் என்ற ஊர் இன்றும் அந்தப் பண்ணைகளுக்கான கடைத்தெருவாகவே இயங்குகிறது.

சைப்ரஸ் மலைகள் சுற்றியுள்ள சமவெளியைவிட ஏறக்குறைய 600 மீட்டர் உயர்ந்து நிற்பவை. பனியுகத்தில் சூழ இருந்த நிலமெல்லாம் பனிப்பாறையால் மூடப்பட்டபோதும் அவற்றின் உச்சி வெளியே நின்றது. அங்கேதான் 1873இல் ஓநாய் வேட்டைக்காரர்கள் நகோடா என்ற பழங்குடி மக்களைக் கொன்று குவித்தார்கள்; அந்தக் கொலை, வடமேற்குக் குதிரைப்படைக் காவலரை மேற்கே அனுப்பும் ஏற்பாட்டை விரைவுபடுத்தியது; 1875இல் வால்ஷ் கோட்டை எழுந்தது. லிட்டில் பிக்ஹார்ன் போருக்குப் பின் அமெரிக்கப் படையிடமிருந்து எல்லை தாண்டி வந்த பழங்குடித் தலைவர் சிட்டிங் புல்லும் அவருடைய லக்கோட்டா மக்களும் அடைக்கலம் தேடியது இந்த நாட்டில்தான். மேய்ச்சல் நிலத்தின் அழகை மட்டும் பார்த்துத் திரும்பாமல், இந்த நிலம் யாரிடமிருந்து எவ்வாறு கைமாறியது என்பதையும் பார்க்க விரும்புபவர்கள் வால்ஷ் கோட்டைக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டும்.

அதற்கும் தென்கிழக்கே, வால் மேரி என்ற சிற்றூரை ஒட்டி, கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதி. 1880களின் தொடக்கத்திலேயே கனடியச் சமவெளியிலிருந்து மறைந்துபோன பைசன்கள், 2005இல் எல்க் ஐலண்டிலிருந்து 71 எண்ணிக்கையில் இங்கே கொண்டுவரப்பட்டன. இன்று அவை பல நூறாகப் பெருகியிருக்கின்றன. கருவால் பிரெய்ரி நாய் எனப்படும் கொறித்துண்ணி கனடாவில் இயற்கையாக வாழ்வது இந்தப் பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டுமே. முகாம்தளத்தில் மரநிழல் என்பதே கிடையாது. மின் இணைப்புள்ள இடங்கள் சில உண்டு. நாடு முழுவதிலும் மிக இருண்ட வானங்களுள் ஒன்று இதன் மேல்தான். 2009இல் இது இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்ற நிலை வந்தால், ஒரு வாரமே விடுப்பு உள்ளவர்கள் முதலாவதையும், இரண்டு வாரம் உள்ளவர்கள் தயங்காமல் இரண்டாவதையும் தேர்ந்தெடுக்கலாம். மலையடிவாரத்தின் அழகு கண்ணுக்கு உடனே படுவது. சாஸ்கட்செவன் மூலையின் அழகு ஒரு மாலையும் ஒரு காலையும் அங்கே இருந்தால்தான் பிடிபடும். நான் பரிந்துரைக்கும் வட்டத்தில் இரண்டும் இருக்கின்றன. ஆனால் நாட்களைப் பங்கிடும்போது கூடுதல் பங்கு இரண்டாவதற்கே போக வேண்டும்.

இப்போது வண்டிக்கு வருவோம். இருவர் பயணத்துக்கு நடைமுறையில் மூன்று வகைகள் பொருந்தும்: ஓட்டுநர் அறைக்கு மேல் படுக்கை நீட்டிய, ஏறக்குறைய 25 அடி நீளமுள்ள சி வகை மோட்டர்ஹோம், வேனின் உடலுக்குள்ளேயே வீட்டை அடக்கிய, 20 அடி அளவிலான கேம்பர் வேன், பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர். சி வகை வண்டியில் நின்று குளிக்கலாம், மேசையை மடிக்காமலே தூங்கலாம், தண்ணீர்த் தொட்டியும் பெரியது. 100 கிலோமீட்டருக்கு 20 முதல் 25 லிட்டர் வரை அது பெட்ரோல் குடிக்கும். கேம்பர் வேனுக்கு 12 முதல் 16 லிட்டர் போதும். 2,100 கிலோமீட்டர் வட்டத்தில் முன்னதற்கு ஏறக்குறைய 460 லிட்டரும் பின்னதற்கு 290 லிட்டரும் செலவாகும் என்று கணக்கிடலாம். எதிர்க்காற்று பலமானால் இரண்டு கணக்கும் கூடும், உயரமான வண்டிக்கு அதிகமாகக் கூடும்.

எரிபொருளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 25 அடி வண்டியைப் பக்கக் காற்றில் நேராகப் பிடித்துச் செல்வதும், முகாம்தளத்தில் பின்னோக்கி நிறுத்துவதும் இருவரில் ஒருவருக்கு மட்டுமே கைவந்தால், பயணம் முழுவதும் ஒருவர் ஓட்டுநராகவும் மற்றவர் பயணியாகவும் ஆகிவிடுகிறார்கள். ஓட்டுபவர் மாலையில் களைத்துப்போய் உட்காருகிறார். மற்றவருக்கோ நாள் முழுவதும் சும்மா இருந்த உணர்வு. கேம்பர் வேனை அன்றாடம் கார் ஓட்டும் எவரும் ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம்; இருவரும் மாறி மாறி ஓட்டலாம்; மேப்பிள் கிரீக் கடைத்தெருவிலும் சாஸ்கடூன் நகர மையத்திலும் சாதாரணக் கார் இடத்திலேயே நிறுத்தலாம். இருவர் சேர்ந்து போகும் பயணத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சமையல் விஷயத்தில் வேன் தோற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு அடுப்புள்ள புரொப்பேன் மேடைக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு கை அகலம்தான். உள்ளே கடுகு தாளித்தால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். குக்கர் வைத்தால் கண்ணாடியெல்லாம் வியர்க்கும். வெங்காய வாசம் இரவு முழுவதும் போர்வையில் தங்கும். வெளியே வைத்துச் சமைக்க ஒரு சிறிய அடுப்பும், காற்றைத் தடுக்க மடக்கும் தகரத் தடுப்பும் எடுத்துச்செல்வதே தீர்வு. புல்வெளியில் தடுப்பில்லாமல் அடுப்பின் தீ நிற்காது. சி வகை வண்டியில் விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறந்தால் ஓரளவு சமாளிக்கலாம். வெந்நீர்க் குளியலும் வீட்டுச் சமையலும் அன்றாடம் வேண்டும் என்பவர்கள், மேற்சொன்ன குறைகளைத் தெரிந்துகொண்டே சி வகையை எடுக்கலாம்.

டிரெய்லருக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு, அது இந்த வழியில் பெரிதும் உதவும்: அதை முகாம்தளத்தில் கழற்றி வைத்துவிட்டு டிரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு சரளைச் சாலைகளில் போகலாம். கிராஸ்லாண்ட்ஸ் பூங்காவின் காட்சிச் சாலையும், சைப்ரஸ் மலைகளின் பல உட்சாலைகளும் சரளைச் சாலைகளே. பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் சரளைச் சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. முகாம்தளத்துக்குப் போகும் குறுகிய தொலைவுக்கு மட்டும் பல நிறுவனங்கள் விலக்கு அளிக்கின்றன. எந்தச் சாலையில் போகப் போகிறீர்கள் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கட்டுங்கள். இசைவு கிடைக்காவிட்டால் தனியார் உரிமையாளர்களிடமிருந்து நேரடியாக வாடகைக்கு எடுக்கும் வழியும் இருக்கிறது. அவர்களில் சிலர் ஒப்புக்கொள்வார்கள். சொந்த டிரக்கும் இழுத்து ஓட்டிய அனுபவமும் உள்ள ஆல்பர்ட்டாவாசிகளுக்கு டிரெய்லரே முதல் தேர்வு. மற்றவர்களுக்கு அதைப் பழகுவதற்குள் விடுப்பு முடிந்துவிடும்.

சரளைச் சாலைகளில் டெக்சஸ் கேட் அடிக்கடி எதிர்ப்படும். சாலையின் குறுக்கே பள்ளம் வெட்டி, அதன்மேல் இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் பதித்திருப்பார்கள். சக்கரம் தடதடவென்று உருண்டு கடந்துவிடும், குளம்பு இடையில் இறங்கிவிடும் என்று அஞ்சும் மாடு கடக்காது. கதவைத் திறந்து மூடும் வேலை இல்லாமல் மந்தையை ஒரு பக்கமாய் நிறுத்தும் ஏற்பாடு இது. அதன்மேல் நடை வேகத்தில் ஏறாவிட்டால் அலமாரியில் உள்ள தட்டெல்லாம் தரைக்கு வந்துவிடும். அதைக் கடந்தபின் மாடுகள் சாலையிலேயே நிற்கலாம், படுத்திருக்கலாம். ஹாரன் அடிக்காமல் நிறுத்திக் காத்திருந்தால் அவையே எழுந்து விலகும். உண்மையான கதவு எதிர்ப்பட்டால், திறந்திருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச்செல்ல வேண்டும். திறந்த கதவை நல்லெண்ணத்தோடு மூடினாலும் மந்தையைத் தண்ணீரிலிருந்து பிரித்துவிடக்கூடும். மழையில் நனைந்தால் இங்குள்ள களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை அசையவிடாது. சைப்ரஸ் மலைகளின் நடுப்பகுதியையும் மேற்குப் பகுதியையும் இணைக்கும் கேப் சாலை காய்ந்த நாளுக்கு மட்டுமே உரியது. ஈரமான நாளில் மேப்பிள் கிரீக் வழியாக 271ஆம் எண் சாலையில் சுற்றிப் போவதே வழி. காத்திருக்க ஒரு நாள் கையில் இருக்க வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான்.

காரில் போய் மோட்டலில் தங்குவது மலிவல்லவா என்ற கேள்வி நியாயமானது. நகரங்களுக்கு இடையே மட்டும் பயணம் என்றால் பல நேரங்களில் அது மலிவுதான். ஆனால் 2019இல் யுனெஸ்கோ மரபுத் தலமான, தென் ஆல்பர்ட்டாவில் பழங்குடிப் பாறைச் செதுக்கல்கள் உள்ள ரைட்டிங்-ஆன்-ஸ்டோனிலும் கிராஸ்லாண்ட்ஸிலும் இரவும் விடிகாலையும்தான் நிலம் உயிர்பெறும் நேரம். அப்போது அங்கேயே இருப்பதற்குப் படுக்கை நம்மோடு வர வேண்டும். ஆர்.வி.க்குக் கொடுக்கும் பணத்தின் பொருள் அது.

நகரத் தேர்வு இந்த வட்டத்தில் ரெஜைனாவுக்கும் சாஸ்கடூனுக்கும் இடையிலானது. வால் மேரியிலிருந்து வடக்கே 120 கிலோமீட்டரில் ஸ்விஃப்ட் கரன்ட். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் 245 கிலோமீட்டரில் ரெஜைனா, வடக்கே தொடர்ந்தால் ஏறக்குறைய 270 கிலோமீட்டரில் சாஸ்கடூன். ரெஜைனாவில் 1912இல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்றக் கட்டடமும், வஸ்கானா ஏரியைச் சுற்றிய பெரும் பூங்காவும், கனடியக் குதிரைப்படைக் காவலரின் பயிற்சித் தலமும் இருக்கின்றன. மாகாண வரலாற்றில் ஈடுபாடுள்ளவர்கள் அங்கே போவதில் தவறில்லை. நான் சாஸ்கடூனைத் தேர்ந்தெடுக்கிறேன். நகராட்சியே நடத்தும் கோர்டன் ஹவ் முகாம்தளம் ஊருக்குள்ளேயே இருப்பதால் வண்டியை நிறுத்திவிட்டு மிதிவண்டியிலோ பேருந்திலோ மையத்துக்குப் போகலாம். சவுத் சாஸ்கட்செவன் ஆற்றின் இரு கரையிலும் மீவாசின் நடைபாதை நீள்கிறது. 2017இல் திறந்த ரெமாய் மாடர்ன் கலைக்கூடத்தில் பிக்காசோ லினோலியம் பலகையில் செதுக்கி எடுத்த லினோகட் அச்சுகளின் பெருந்தொகுப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நகருக்குச் சற்று வடக்கே வனஸ்கேவின். ஆறாயிரம் ஆண்டுகளாக மக்கள் கூடிய இடம் அது. கிராஸ்லாண்ட்ஸிலிருந்து கொண்டுவரப்பட்ட பைசன்கள் 2019 டிசம்பரில் அங்கே கால் பதித்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அவை புழுதியில் புரண்டு புல்லைத் தேய்த்த இடத்தில், மண்ணுக்குள் புதைந்திருந்த பாறைச் செதுக்கல்கள் வெளிப்பட்டன. தெற்கே மந்தையைப் பார்த்துவிட்டு வடக்கே வந்து இதைக் காணும்போது பயணத்தின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று சேர்கின்றன. ரெஜைனாவால் இதைத் தர முடியாது. ரியேல் வழிநடத்திய 1885 எழுச்சியின் முடிவைத் தீர்மானித்த போர் நடந்த பதோஷும் சாஸ்கடூனிலிருந்து ஒரு பகல் பயணம்தான்.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜூனில் புல் பச்சையாகவும் காட்டுப்பூக்கள் நிறைந்தும் இருக்கும். ஆனால் பிரெய்ரியில் மழை அதிகம் பெய்வது அந்த மாதம்தான், கொசுவும் அப்போதுதான். ஜூலையில் கனோலா என்ற எண்ணெய் வித்துப் பயிரின் வயல்கள் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும், கால்கரி ஸ்டாம்பீடு பத்து நாள் நடக்கும். வண்டி வாடகையும் முகாம்தள நெருக்கடியும் உச்சத்தில் இருக்கும். ரோடியோவைப் பார்ப்பதே முதல் நோக்கம் என்றால் ஜூலையைத் தவிர வேறு வழியில்லை. நான் ஆகஸ்டின் கடைசி இரண்டு வாரத்தைச் சொல்வேன். களிமண் சாலைகள் காய்ந்திருக்கும், கொசு குறைந்திருக்கும், அறுவடை தொடங்கியிருக்கும். ஜூன் இறுதியில் இந்த அட்சரேகையில் நள்ளிரவிலும் வானம் முழுதாக இருள்வதில்லை. ஆகஸ்ட் இறுதியிலோ இரவு பத்து மணிக்கே பால்வழி தெளிவாகத் தெரியும். கிராஸ்லாண்ட்ஸின் இருளைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆகஸ்டுக்கும் விலை உண்டு. வடக்கே எரியும் காட்டுத்தீயின் புகை சில ஆண்டுகளில் நாள் கணக்கில் தெற்கே தங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் இதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலங்கட்டி மழை கோடை முழுவதும் வரக்கூடியது. கால்கரியில் 2020 ஜூன் 13 அன்றும் 2024 ஆகஸ்ட் 5 அன்றும் பெய்த கல்மழைகள் ஆயிரக்கணக்கான வீடுகளையும் வண்டிகளையும் சேதப்படுத்தின. கூரைச் சேதம் காப்பீட்டில் அடங்குகிறதா என்பதையும் ஒப்பந்தத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ந்த புல்லின் மேல் சூடான வண்டியை நிறுத்தவே கூடாது. ஒரு பண்ணையின் ஆண்டு முழுவதற்குமான மேய்ச்சல் அதனால் எரிந்துபோகலாம்.

வட்டத்தை எந்தப் பக்கமாய்ச் சுற்றுவது என்பது மட்டுமே மீதி. தெற்கிலிருந்து தொடங்குவதையே விரும்புகிறேன். முதல் நாள் லாங்வியூ வரை நல்ல சாலையில் குறைந்த தொலைவே ஓட்டுவதால் வண்டி கைக்குப் பழகும். சரளைச் சாலை வரும்போது ஒரு வார அனுபவம் இருக்கும். மெடிசின் ஹாட்டிலும் மேப்பிள் கிரீக்கிலும் ஷானவனிலும் கிடைக்கும்போதெல்லாம் எரிபொருளையும் குடிநீரையும் நிரப்பிக்கொள்ளுங்கள். அவற்றுக்கு இடையே கடையும் குறைவு, கைபேசி இணைப்பும் குறைவு. கோடையில் ஆல்பர்ட்டாவுக்கும் சாஸ்கட்செவனுக்கும் கடிகாரம் ஒன்றேயாதலால் எல்லையில் நேரக் குழப்பம் வராது. இந்தத் திசையில் ஒரே ஒரு கடினமான நாள் உண்டு: சாஸ்கடூனிலிருந்து கின்டர்ஸ்லி, ஹன்னா வழியாக டிரம்ஹெல்லர் வரையிலான ஏறக்குறைய 470 கிலோமீட்டர். மேற்கு நோக்கிய அந்தச் சாலையில் பிற்பகலில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், எதிர்க்காற்றும் பெரும்பாலும் அப்போதுதான் வலுக்கும். விடிந்ததும் புறப்பட்டு, இருவரும் பாதிப் பாதியாக ஓட்டி, பிற்பகலுக்குள் டிரம்ஹெல்லரை அடைந்துவிட்டால், மறுநாள் காலை டைனோசர் புதைபடிவங்களுக்குப் பெயர்பெற்ற ராயல் டிரெல் அருங்காட்சியகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, மீதியுள்ள 135 கிலோமீட்டரை ஓட்டி வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம்.